பலகைக்கு ஒரு தனி வீடு

போன வாரம் பழைய ஆபீசிலிருந்து யாமினி போனில் செய்தி அனுப்பியிருந்தாள். நான் வேலையை விட்ட பிறகு அங்கே சேர்ந்த பெண். என்னை நேரில் பார்த்தது கிடையாது.

“ஆன்டி, டயாலிசிஸ் சென்டர் சிஸ்டத்துல ‘பலகை’ன்னு ஒரு ஃபைல் இருக்கு. தொறந்து பாத்தா உள்ள நாலு வரிதான். புரோகிராம சரிபாக்க இப்ப வந்திருக்கிற புது கருவி, இத கவுண்டர் ஃபைலோட சேத்துருன்னு சொல்லுது. சேத்துரவா?”

மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம் அது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. “சேக்காதம்மா” என்று மட்டும் அடித்து அனுப்பினேன். உடனே “ஏன் ஆன்டி?” என்று வந்தது.

அந்த ‘ஏன்’ என்னைத் தூங்க விடவில்லை. அரைக்கண் மூடிக் கிடந்தபோது ஒரு மழை மத்தியானமும், தெங்கேராவில் ஒரு வாசலும், வராத ஒரு வேனும் வந்துவிட்டன. போனில் கட்டை விரலால் அடித்து அனுப்பும் சமாசாரம் இல்லை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். யாமினி, கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்.

நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய வருஷம்தான் நானும் பிறந்தேன். என் வயதை யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை, ஆகஸ்டில் கொடி ஏறும்போதெல்லாம் ஊரே ஞாபகப்படுத்திவிடும். ஐந்தாம் படிவம் முடித்ததும் ஒரு ரப்பர் வியாபார ஆபீசில் அட்டை துளைக்கும் வேலை. கணினிக்கு அன்றைக்கு அட்டைதான் சாப்பாடு. பிறகு அதே கணினிக்கு நிரல் எழுதக் கற்றேன். கல்யாணம், பிள்ளைகள், குளிர்சாதன அறை என்று ஒரு முப்பது வருஷம் ஓடிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாதியைத் தூக்கக் கலக்கத்தில் கழித்தேன் என்று என் மகள் சொல்லுவாள், அதிலும் பொய் இல்லை. அந்த ஆபீஸ் கோலாலம்பூருக்கு மாறியபோது எனக்கு ஐம்பதை நெருங்கியிருந்தது. “நான் மலாக்காவை விட்டு வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

அப்போது கிடைத்ததுதான் சாந்தியின் ஆபீஸ். காஜா பேராங் சாலையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடி. நாலு மேஜை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கோயில் மணி, மூடினால் கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். சின்னச் சின்னக் கிளினிக், டியூஷன் சென்டர் போன்ற இடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாம் பைத்தான் மொழியில்.

சாந்தி என்னைவிட இருபது வயது இளையவள். பாஸ் என்பதால் ‘அவர்’ என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் கை ‘அவள்’ என்றே எழுதுகிறது, அவள் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். அந்த வட்டாரத்துச் சிட்டிக் குடும்பத்துப் பெண். மலாக்கா சிட்டிகளுக்குச் சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், நெற்றியில் திருநீறு. வாயைத் திறந்தால் மட்டும் மலாய். என்னைக் ‘காக்’ என்றுதான் கூப்பிடுவாள், அதாவது அக்கா. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன், காரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அவள் ஒருநாளும் “தப்பு” என்று சொன்னதில்லை. நம் பின்னால் வந்து நிற்பாள். கையில் ஏதாவது குவே, அதாவது மலாய்ப் பலகாரம், இருக்கும். திரையை மெதுவாக மேலிருந்து கீழே பார்ப்பாள். ஒரு இடத்தில் விரல் நிற்கும். “இனி சியாப்பா பூஞா?” என்று கேட்பாள். இது யாருடையது என்று அர்த்தம். அவ்வளவுதான். பதில் தெரிந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். தெரியாமல் முழித்தால் குவேயை நம் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். என் மேஜையில் ஆரம்பத்தில் நிறைய குவே சேர்ந்தது. நானும் எடை போட்டேன்.

பைத்தானில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதித் தள்ள மாட்டார்கள். வேலையைப் பிரித்துத் தனித்தனிக் கோப்பில் வைப்பார்கள். ஒரு கோப்பில் இருப்பது இன்னொன்றுக்கு வேண்டுமென்றால் தலையில் ‘இம்போர்ட்’ என்று ஒரு வரி போட்டு வரவழைத்துக்கொள்ளலாம். கேட்க எளிது. அந்த ஒரு வரியில்தான் எங்கள் ஆபீசில் எல்லோரும் முதலில் விழுவார்கள்.

ஒரு டியூஷன் சென்டரில் அப்படித்தான் ஆனது. ‘இன்று லீவு இல்லை’ என்பது அமைப்புக் கோப்பில் ஒரு மதிப்பாக இருந்தது. செய்தி அனுப்பும் கோப்பு, அந்த மதிப்பை மட்டும் பிய்த்தெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டது. வெள்ளம் வந்த நாள், டீச்சர் அமைப்பில் ‘லீவு’ என்று மாற்றினார். அங்கே மாறியது. செய்திக் கோப்பின் கையில் இருந்ததோ காலையில் எடுத்த பழைய மதிப்பு. பெற்றோருக்கெல்லாம் “வகுப்பு உண்டு” என்று செய்தி போய், முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

சாந்தி அன்று சொன்னதை நான் மறக்கவில்லை. “அடுத்த வீட்டுச் சாமான நம்ம வீட்டுக்குக் கொண்டு வராதீங்க காக். அந்த வீட்டு விலாசத்த மட்டும் வச்சுக்குங்க. வேணுங்கிறப்ப போய்ப் பாருங்க. அங்க மாத்தியிருந்தா மாத்தினது தெரியும்.”

அதாவது உள்ளே இருக்கும் பொருளை மட்டும் தனியாக இம்போர்ட் செய்யாதே, கோப்பையே இம்போர்ட் செய், பொருள் வேண்டும்போது கோப்பின் பெயரைச் சொல்லி அதன் வழியாகத் தொடு என்கிறாள். பொருள் எப்போதும் தன் வீட்டிலேயே இருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் கோப்பு இரண்டாவதை வரவழைக்கும், இரண்டாவது முதலாவதை வரவழைக்கும். கதவருகே இரண்டு பேர் நின்று “நீங்க போங்க”, “இல்ல, நீங்க போங்க” என்று மரியாதை செய்துகொண்டே நிற்பது மாதிரி. ஒன்று பாதி எழுந்திருக்கும்போதே மற்றது அதனிடம் ஏதாவது கேட்டுவிடும், அது இன்னும் பிறந்தே இருக்காது. நிரல் அங்கேயே முகம் குப்புற விழும். விழுவது நல்லது. விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். விழாமல் நடக்கும் தப்புதான் ஆளைக் கொல்லும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆபீசில் இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தக் கோப்பை எழுதினாலும் அது முதலில் தனியாக நடக்க வேண்டும். அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு கோப்பை மட்டும் தட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு கோப்பின் வாலிலும் சில வரிகள் வைப்போம். “என்னை நேராகத் தட்டினால் மட்டும் இதைச் செய், வேறு யாராவது வரவழைத்தால் சும்மா இரு” என்று அந்த வரிகளுக்கு அர்த்தம். சாந்தி கொண்டுவந்த பழக்கம். நல்ல பழக்கம். அதனால் எத்தனையோ பிழைகள் வாசலிலேயே பிடிபட்டன. ஊரில் வேறு எந்த ஆபீசிலும் இப்படி ஒவ்வொரு கோப்புக்கும் வால் வைத்து நான் பார்த்ததில்லை.

இனி டயாலிசிஸ் சென்டர் கதைக்கு வருகிறேன்.

அது ஒரு தரும நிலையம். பெயர் வேண்டாம். வாரத்துக்கு மூன்று முறை வந்து இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டிய நோயாளிகள். பலரை மகனோ மருமகளோ கொண்டுவந்து விடுவார்கள். வீட்டில் ஆள் இல்லாத நாளில் சென்டருக்குப் போன் செய்தால் வேன் போய் ஏற்றிவரும். வேன் ஓட்டியவர் ஆறுமுகம் அண்ணன். கனத்த உடம்பு, சன்னமான குரல். நோயாளிகளை ஏற்றும்போது பூக்கூடை தூக்குவது மாதிரி தூக்குவார். ஒரே ஒரு குறை. போகும் வழியில் எங்கே ரொட்டி சானாய் என்கிற நம்ம பரோட்டாக் கடையைக் கண்டாலும் வேன் தானாக நின்றுவிடும். ஊரே அவரைக் கேலி செய்யும், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாங்கள் அந்தச் சென்டருக்கு எழுதியதில் முக்கியமானது ஒரு பலகை. நிஜப் பலகை இல்லை. கணினியின் நினைவில் நிற்கும் ஒரு பொருள். இன்று யாரைப் போய் ஏற்றவேண்டும் என்பதை அதில் எழுதுவார்கள். கவுண்டரில் இருக்கும் கோமதி தன் திரையில் பெயரைப் போடுவாள். ஆறுமுகம் அண்ணனின் போனில் அது தெரியும். கவுண்டர் வேலைக்கு ஒரு கோப்பு, வேன் வேலைக்கு ஒரு கோப்பு. பலகை கவுண்டர் கோப்புக்குள் இருந்தது. வேன் கோப்பு அதை அங்கிருந்து இம்போர்ட் செய்துகொண்டது.

ஆரம்பத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, நான் சொன்ன கதவு மரியாதையில் மாட்டிக்கொண்டன. திறப்புவிழா மறுநாள். சாந்தி வந்து பார்த்துவிட்டு, பலகையை உண்டாக்கும் வரியைத் தூக்கி, இம்போர்ட் வரிக்கு மேலே வைத்தாள். விழுந்துகொண்டிருந்தது எழுந்து நடந்தது. “இப்போதைக்கு இது போதும் காக், அப்புறம் ஒழுங்கு பண்ணலாம்” என்றாள். ‘அப்புறம்’ எந்த ஆபீசிலும் வந்ததில்லை, எங்கள் ஆபீசில் மட்டும் எப்படி வரும்?

சில மாதம் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மழை மத்தியானம், தெங்கேராவில் மாக்சிக் ஈஷா தன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

சென்டரின் நோயாளி, எழுபது தாண்டிய மலாய்க்கார அம்மா; ‘மாக்சிக்’ என்றால் அத்தை மாதிரி. அன்றைக்கு மகனுக்கு ஓவர்டைம். அவன் சென்டருக்குப் போன் செய்தான், கோமதி “சரி, வேன் வரும்” என்று சொல்லிப் பலகையில் போட்டாள். அந்த அம்மா தலையில் துணி சுற்றி, கையில் பையோடு, கூரை ஓரத்தில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேன் வரவில்லை. சாயங்காலம் மகன் வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவரால் மூச்சுவிட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அன்று இரவே சென்டரில் விசாரணை நடந்தது. கோமதியின் திரையில் மாக்சிக் ஈஷாவின் பெயர் தெளிவாக நின்றது. ஆறுமுகம் அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

“என் போன்ல ஒன்னும் வரல” என்றார் அவர்.

“இங்க இருக்கே அண்ணே, பாருங்க” என்றாள் கோமதி.

“அங்க இருக்கும்மா. எனக்கு வரலியே. சத்தியமா வரல லா.”

இதற்கு முன்னும் இரண்டு தடவை இப்படி ஆகியிருந்தது. அப்போது நோயாளிகள் டாக்சி பிடித்து வந்துவிட்டதால் யாரும் பெரிதுபடுத்தவில்லை. மூன்று தடவையும் மழை நாள். மழை நாளில் ஆறுமுகம் அண்ணன் எங்கே இருப்பார் என்று ஊருக்கே தெரியும். நிர்வாகி அம்மா அவரிடமிருந்து வேன் சாவியையும், சென்டர் கொடுத்திருந்த போனையும் வாங்கிக்கொண்டார். மாதக் கடைசிக் கூட்டத்தில் வேலையை விட்டு எடுப்பது என்று பேச்சு. வேலை போவதுகூடப் பெரிதில்லை. ஒரு கிழவியைச் சாகக் கிடக்கவிட்டு ரொட்டி தின்றவன் என்ற பெயரோடு மலாக்காவில் அவர் எப்படி நடமாடுவது?

சாந்தியும் நானும் போனோம். நிர்வாகி அம்மா படித்தவர், நியாயமானவர். “உங்க சிஸ்டத்துல ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். இல்லன்னா இந்த ஆள நான் எப்படி வச்சிருக்கிறது?” என்றார்.

ஆபீசுக்கு வந்து ஓட்டிப் பார்த்தோம். கவுண்டரில் பெயர் போட்டால் வேன் திரையில் உடனே வந்தது. நூறு விதமாகப் போட்டுப் பார்த்தோம், ஒவ்வொரு முறையும் வந்தது. நெட்டை அறுத்துப் பார்த்தோம், போனை மாற்றிப் பார்த்தோம். தப்பே இல்லை. சாந்தி என் பின்னால் நின்றாள். விரல் பலகையின் மேல் நின்றது.

“இனி சியாப்பா பூஞா?”

“கவுண்டரோடது” என்றேன்.

“வேன் பாக்கிறதும் அதேதானா?”

“அதேதான்.”

தலையாட்டினாள், ஆனால் நகரவில்லை. “அந்த மனுஷன் பொய் சொல்றவரா உங்களுக்குத் தோணுதா காக்?” என்றாள். சாப்பாட்டு விஷயத்தில் தவிர அவர் பொய் சொல்லமாட்டார் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குவேயை என் மேஜையில் வைக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அந்த நேரத்தில் சாந்தி வீட்டில் பார்ச்சு வந்தது, என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

பார்ச்சு என்பது சிட்டிகள் தங்கள் முன்னோருக்குப் படைப்பது. பொங்கல் சமயத்தில் ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. இது பழப் பார்ச்சு. வாழை இலையில் சோறு, கறி, குவே, ரம்புத்தான், மங்குஸ்தீன், பிளந்த டுரியான். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். போனவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? நாங்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தோம். மழைக்கு முந்திய புழுக்கம். உள்ளேயிருந்து சாம்பிராணியும் டுரியானும் கலந்து ஒரு வாசம். எனக்குக் கேட்க வேண்டுமா, கண் தானாக மூடிக்கொண்டது.

சாந்தியின் அம்மாவும் ஒரு உறவுக்காரப் பெண்ணும் தாழ்ந்த குரலில் பேசுவது தூக்கத்தின் ஓரத்தில் கேட்டது. சாந்தியின் சித்தப்பா ஏதோ மனத்தாங்கலில் அந்த வருஷம் தன் வீட்டிலேயே தனியாகப் படைக்கிறாராம். எப்போதும் மூத்த வீட்டில் மட்டும்தான் படைப்பது வழக்கம்.

“ரெண்டு வீட்டுலயும் இலை போட்டா தாத்தா எந்த வீட்டுக்கு வருவாரு?” என்றாள் உறவுக்காரப் பெண்.

“பழகின வீட்டுக்குத்தான் வருவாரு. அங்க அவங்க இலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க, பாவம்” என்றார் சாந்தியின் அம்மா.

நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா, இன்றுவரை தெரியாது. இரண்டு இலைகளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றில் சோறு ஆவி பறக்கிறது. இன்னொன்று வெறுமையாக, அலம்பிய ஈரத்தோடு. வெற்று இலைக்கு முன்னால் ஆறுமுகம் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “எனக்கு வரலியே” என்கிறார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையோடு நாற்காலியில் நிமிர்ந்தேன்.

“சாந்தி, பலகை ரெண்டு இருந்தா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக என் மத்தியானத் தூக்கத்தைக் கிண்டல் செய்கிறவள், அன்று செய்யவில்லை. “ஒன்னுதானே எழுதினோம்” என்றாள். பிறகு அவளே மெதுவாக, “ஒன்னுதான் எழுதினோம்...” என்று திரும்பச் சொன்னாள்.

மறுநாள் காலை சென்டருக்குப் போனோம். பைத்தானில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. கேட்டால் சொல்லும். கவுண்டர் கோப்பு தன் பலகையின் எண்ணைக் காட்டவும், வேன் கோப்பு தான் பார்க்கும் பலகையின் எண்ணைக் காட்டவும் இரண்டு வரி சேர்த்தேன். முழு சிஸ்டத்தையும் எங்கள் வழக்கப்படி ஓட்டினோம். அதற்கென்று ‘தொடக்கம்’ என்று ஒரு குட்டிக் கோப்பு உண்டு, தினமும் காலையில் கணினி தானாக அதைத்தான் ஓட்டும். எண் இரண்டும் ஒன்றே. ஒரே பலகை. என் கனவு பொய் என்று ஆனது.

சாந்திதான் கோமதி பக்கம் திரும்பினாள். அவசரமே இல்லாமல் கேட்டாள். “மழை நாள்ல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?”

“வந்ததும் நானே ஆன் பண்ணிருவேன் மேடம்.”

“எப்படி? செஞ்சு காட்டுங்க.”

கோமதி எல்லாவற்றையும் மூடினாள். திரையில் கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தாள். ‘தொடக்கம்’ பக்கம் போகவே இல்லை. கவுண்டர் வேலைதானே தனக்கு வேண்டும் என்று ‘கவுண்டர்’ கோப்பை நேராக இரண்டு தட்டுத் தட்டினாள். எல்லாம் அழகாகத் திறந்தது. ஏன் திறக்காது? தனியாக நடக்கட்டும் என்று அதற்கு வால் வைத்தவர்கள் நாங்கள்தானே.

எண்களைப் பார்த்தேன். வேறு வேறாக இருந்தன.

கோமதியை ஒரு பெயர் போடச் சொன்னேன். “சாந்தி” என்று போட்டாள். அவள் திரையில் வந்தது. வேன் போனை எடுத்துப் பார்த்தோம். வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. ஆறுமுகம் அண்ணன் மழை நாள்களில் பார்த்துக்கொண்டிருந்த திரை அதுதான்.

யாமினி, உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பைத்தான் ஒரு பதிவு வைத்திருக்கிறது, எந்தெந்தக் கோப்பு ஏற்கெனவே வந்துவிட்டது என்று. ஒரு கோப்பை எத்தனை பேர் இம்போர்ட் செய்தாலும் அது முதல் முறை மட்டும்தான் படிக்கப்படும். அப்புறம் பதிவைப் பார்த்து, வந்து உட்கார்ந்திருப்பதையே எல்லோருக்கும் காட்டும். அதனால்தான் ஒரு பலகை எல்லோருக்கும் ஒரே பலகையாக இருக்கிறது. ஆனால் நேராகத் தட்டி ஓட்டிய கோப்பை அதன் சொந்தப் பெயரில் பதிவதில்லை. ‘மெயின்’ என்று ஒரு பொதுப் பெயரில் பதிந்துவிடும். பிறகு வேன் கோப்பு வந்து “கவுண்டரைக் கூப்பிடு” என்கிறது. பதிவில் கவுண்டர் என்ற பெயரே இல்லை. உடனே பைத்தான் அதே கோப்பைத் திரும்ப முதலிலிருந்து படிக்கிறது. இன்னொரு கவுண்டர், அதற்குள் இன்னொரு பலகை. கோமதி ஒன்றில் எழுதுகிறாள், வேன் மற்றதைப் பார்க்கிறது. வால் இருப்பதால் இரண்டாவது கவுண்டர் சத்தமே போடாமல் சும்மா இருக்கிறது. பிழைச் செய்தி இல்லை. எதுவும் விழவில்லை. மறுநாள் காலை ‘தொடக்கம்’ ஓடியதும் எல்லாம் சரியாகிவிடும். நாங்கள் வந்து பார்க்கும்போது ஒரு தப்பும் இருக்காது.

இடி மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் கோமதி தட்டுவாள். அவள் தட்டியதில் ஒரு தவறும் இல்லை, அவளுக்கு யார் சொன்னார்கள்?

சாந்தி அங்கேயே உட்கார்ந்து சரி செய்தாள். பலகைக்கென்று புதிதாக ஒரு கோப்பு. அதற்குப் ‘பலகை’ என்றே பெயர் வைத்தாள். நான் எழுதிக் காட்டிய தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். உள்ளே பலகை மட்டும், நாலு வரி. அது யாரையும் இம்போர்ட் செய்யாது. அதற்கு வால் கிடையாது, அதை யாரும் நேராகத் தட்ட வேண்டிய அவசியமும் கிடையாது. கவுண்டரும் வேனும் அந்த வீட்டுக்குப் போய்த்தான் பலகையைப் பார்க்க வேண்டும். கவுண்டர் எந்தப் பெயரில் எத்தனை தடவை பிறந்தாலும் பலகை ஒன்றுதான். கதவு மரியாதையும் அதோடு ஒழிந்தது. கோமதி மறுபடி தட்டினாள். எண்கள் ஒன்றாக வந்தன. வேன் போனில் “சாந்தி” என்று பெயர் எழுந்தது. இதுதான் யாமினி நீ கேட்ட நாலு வரி. அந்தக் கருவிக்கு மழை தெரியாது, மாக்சிக் ஈஷாவைத் தெரியாது. நீயாவது தெரிந்துகொள்.

நிர்வாகி அம்மாவுக்கு எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினோம். “நானே போன் பண்ணி அவரக் கூப்பிட்டுக்கிறேன்” என்றார். சாந்தி ஒப்பவில்லை. “எங்க தப்பு. நாங்க போய்ச் சொல்றோம். சாவியக் கொடுங்க” என்றாள்.

காரில் ஏறியதும் என்னிடம், “‘உங்கள் மேல் தப்பில்லை’ன்னு தமிழ்ல எப்படிச் சொல்றது காக்?” என்று கேட்டாள்.

“அவருக்கு மலாய் நல்லா வருமே.”

“தெரியும். ஆனா சென்டர்ல அவரப் பொய்க்காரர்னு சொன்னது எல்லாம் தமிழ்ல. நான் மலாய்ல சொன்னா எடுபடாது.”

ஜாலான் பெண்டஹாரா நெரிசலில் கார் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் துணிக்கடைப் பாட்டு. அதற்கு நடுவில் அவள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ‘தப்பு’ வந்தது, ‘இல்ல’ வந்தது, ‘அண்ணே’ மட்டும் வேறு யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. சிக்னலில் நின்றபோதும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவர் குடியிருந்தது ஓர் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. நீள நடைபாதை, வரிசையாகக் கதவுகள், கொடியில் துணிகள். கதவைத் திறந்தவர் ஆறுமுகம் அண்ணன்தான். சட்டையில்லாத உடம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நாளில் மெலிந்துவிட்டிருந்தார். உள்ளே, அடுப்படி வாசலில் அவர் மனைவி. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா அவரிடம் சொன்னது இது.

“கூட்டத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க. உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுருங்களேன், இப்பவாச்சும்.”

வீட்டுக்காரியே நம்பவில்லை. அது எனக்கு முன்னால் தெரியாது. அவர் கால் விரலைப் பார்த்தபடி நின்றார்.

சாந்தி உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நேராக நின்றாள். கையில் வேன் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“உங்க மேல தப்பு இல்ல, அண்ணே” என்றாள். “தப்பு... எங்க மேல.”

ஆறுமுகம் அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “உங்க போன்ல வரவே இல்லண்ணே. நாங்க கண்ணால பாத்துட்டோம்” என்றேன்.

“என்னம்மா சொன்னீங்க? சரியாக் கேக்கல” என்றார்.

சாந்தி மறுபடி சொன்னாள். இந்தத் தடவை ‘அண்ணே’ அவரையே கூப்பிட்டது.

அவர் மெல்ல ஒதுங்கி நின்று, அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். “இவளுக்குக் கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா.”

மூன்றாவது முறை சாந்தி கத்தியே சொன்னாள். நடைபாதையில் இரண்டு கதவுகள் திறந்தன. யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறுமுகம் அண்ணன் போர்த்தியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கையை நீட்டினார்.

“சரி, சாவியக் கொடுங்க” என்றார். “இன்னைக்கு மழ வர்ற மாதிரி இருக்கு. யார ஏத்தணும்?”